பனி இறங்கினால் வைஃபை போகிறது (மின்ட் 21.3, ஏற்காடு)

நாகலூர்_மிளகு | ஜனவரி 8, இரவு 9.40

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறேன். மாமாவின் காபி, மிளகு வியாபாரக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21.3 போட்டேன். வேகமாக இருக்கிறது, சூடாவதில்லை, எல்லாம் திருப்தி. வைஃபை மட்டும் உயிரை வாங்குகிறது.

ரூட்டர் வீட்டு முன்ஹாலில் இருக்கிறது. என் மேசை அடுத்த குடோனில், நடந்தால் பன்னிரண்டு அடி. நடுவில் பழைய காலத்துக் கருங்கல் சுவர், ஒரு கதவு. இந்த மேசையில் போனுக்கு முழு சிக்னல். லேப்டாப்புக்கு ஒரு கோடு. பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் நின்றுவிடும், மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். சரியான பாஸ்வேர்டைத்தான் போடுகிறேன், திரும்பவும் கேட்கும். ரூட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அங்கேயும் அறுந்து அறுந்துதான் வருகிறது.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். பனி இறங்கினால் சுத்தமாகப் போய்விடுகிறது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பதினைந்து நாளாகக் கவனிக்கிறேன். நாலு மணிக்கு மேல் மூடுபனி வரும், வைஃபை போகும்.

மின்ட்டை இரண்டு தடவை அழித்துப் போட்டாயிற்று. ரூட்டரில் சேனல் மாற்றினேன், பாஸ்வேர்டு மாற்றினேன். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். சித்தப்பா மகன் விண்டோஸுக்கே திரும்பச் சொல்கிறான். அவனிடம் தோற்க மனசில்லை.

ஐந்துரோடு_அவசரம் | ஜனவரி 8, இரவு 9.52

யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்று வாங்கிச் செருகுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் பன்னிரண்டு அடிக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். இதற்கு ஒரு இழை வேறா.

கம்பைல்_கந்தன் | ஜனவரி 8, இரவு 10.15

மின்ட் 21.3 என்றால் 5.15 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி). பழசு. 6 வரிசைக் கெர்னலுக்கு மாறுங்கள், கிட்ஹப் தளத்திலிருந்து வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை எடுத்து நீங்களே கம்பைல் செய்யுங்கள், பவர் சேவ் எல்லாவற்றையும் அணையுங்கள், ஐபிவி6ஐ அணையுங்கள், புளூடூத்தை அணையுங்கள், டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து ரீபூட் செய்தால் சரியாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

கன்னங்குறிச்சி_தாத்தா | ஜனவரி 9, காலை 6.05

கந்தா, ஆறையும் ஒரே மூச்சில் செய்து சரியானால் எது சரி செய்தது என்று உனக்குத் தெரியுமா? நாளைக்கு அப்டேட் வந்து மறுபடி கெட்டால் ஆறையும் திரும்பச் செய்வாயா?

நாகலூர் தம்பி, என்ன வைஃபை கார்டு என்றே நீங்கள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. டாக்டர் நாடி பார்ப்பதற்கு முன்னால் நாலு பேர் மருந்து எழுதியாயிற்று. ஒன்றையும் மாற்றாதீர்கள். முதலில் மூன்று விஷயம் வேண்டும்.

டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று அடித்தால் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற இடத்தில் சிப்பின் பெயரும், அதற்குக் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்பதும் இருக்கும். அதை எழுதுங்கள்.

அடுத்து ஐடபிள்யூ கட்டளையில் லிங்க் பாருங்கள். சிக்னல் என்று ஒரு மைனஸ் எண் டிபிஎம் கணக்கில் வரும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். மேசையில் ஒரு தடவை, ரூட்டரிலிருந்து ஒரு கை தூரத்தில் ஒரு தடவை. போனிலும் வைஃபை அனலைசர் மாதிரி ஏதாவது ஆப் போட்டு அதே இரண்டு இடத்தில் அளந்து சொல்லுங்கள். கோடுகளை நம்பாதீர்கள், போன் காட்டும் நாலு கோடும் லேப்டாப் காட்டும் நாலு கோடும் ஒன்றில்லை.

மூன்றாவதாக, அறுந்த உடனே ஜர்னல்சிடிஎல் -கே அடித்து, கெர்னல் எழுதி வைத்திருக்கும் குறிப்பில் கடைசிப் பத்து வரியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாகலூர்_மிளகு | ஜனவரி 9, மதியம் 1.20

ஐயா, எடுத்துவிட்டேன்.

சிப் ஆர்டிஎல்8723பிஇ. டிரைவரும் அதே பெயர்தான்.

மேசையில் லேப்டாப் மைனஸ் 82, போன் மைனஸ் 54. ரூட்டருக்கு ஒரு கை தூரத்தில் லேப்டாப் மைனஸ் 58, போன் மைனஸ் 31.

அறுந்த நேரத்து வரியில் 'ரீசன் 4, டிஸ்அசோசியேட்டட் டியூ டு இன்ஆக்டிவிட்டி' என்று இருக்கிறது. சும்மா இருந்ததால் வெளியே அனுப்பிவிட்டேன் என்று அர்த்தமா? நான் சும்மா இல்லையே, டவுன்லோட் ஓடிக்கொண்டிருந்தது.

அஸ்தம்பட்டி_இயற்பியல் | ஜனவரி 9, மதியம் 2.05

தாத்தா வருவதற்குள் பனி விஷயத்தை மட்டும் முடித்துவிடுகிறேன், பாடம் நடத்தும் வியாதி.

உங்கள் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். மூடுபனித் துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். கொசுக்கூட்டம் யானையை மறிக்கிற கதை. பன்னிரண்டு அடி தூரத்தில் அந்தப் பனி தின்பது கருவியில் தெரியவே தெரியாது. மழை வந்தால் டிஷ் டிவி போகிறதே என்பீர்கள். அது 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், மேகம் முழுக்கக் கடந்து வருகிறது, கணக்கே வேறு.

அதற்காக நீங்கள் பதினைந்து நாள் கவனித்தது பொய் என்று சொல்லவில்லை. பனி வரும்போது வேறு ஏதோ ஒன்று மாறுகிறது. ஹீட்டர் போடுகிறீர்களா? ஓவன்? எல்லோரும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கிறார்களா?

நாகலூர்_மிளகு | ஜனவரி 9, மதியம் 2.30

மேடம், ஓவன் கிடையாது. வீட்டில் நான், மாமா, அத்தை மூன்று பேர்தான். மாமா தூங்கிவிடுவார். யோசித்துப் பார்க்கிறேன்.

கன்னங்குறிச்சி_தாத்தா | ஜனவரி 9, மாலை 5.10

அருமை. இந்த நாலு எண்ணில் பாதி நோய் தெரிந்துவிட்டது.

மேசையில் போனுக்கும் லேப்டாப்புக்கும் 28 வித்தியாசம். ரூட்டர் பக்கத்தில் 27. டிபிஎம் கணக்கில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று. 27 குறைவென்றால் ஐந்நூறில் ஒன்று. தூரம் மாறினாலும் வித்தியாசம் மாறவில்லை பாருங்கள். சுவர்தான் காரணம் என்றால் ரூட்டர் பக்கத்தில் போனதும் இரண்டும் சமமாகியிருக்கும். கண்ணெதிரில் ஒரு கை தூரத்தில் மைனஸ் 58 என்பது நடக்கக்கூடாத ஒன்று. உங்கள் லேப்டாப் ஆன்டெனா இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

8723பிஇ கார்டுள்ள லேப்டாப்புகளில் இது பழைய கதை. கார்டில் ஆன்டெனா மாட்ட இரண்டு முனை இருக்கும். செலவு மிச்சம் பிடிக்கிற லேப்டாப்பில் ஒரே ஒரு கம்பிதான் வரும், ஒரு முனையில் மாட்டியிருப்பார்கள். எந்த முனை என்பது கார்டுக்குள் ஈஃப்யூஸ் என்ற இடத்தில் பதிந்திருக்க வேண்டும். அங்கே தப்பாகப் பதிந்திருந்தால் லினக்ஸ் டிரைவர் அதை அப்படியே நம்பி, கம்பியே இல்லாத முனையில் காதை வைத்துக்கொண்டிருக்கும். சிப்பைத் திட்ட வேண்டாம், டிரைவரையும் திட்ட வேண்டாம், எழுதி வைத்தவன் தப்பு.

நல்ல வேளையாக, டிரைவரில் ஆன்ட்_செல் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. 0 என்றால் பதிந்திருப்பதை நம்பு, 1 என்றால் முதல் முனை, 2 என்றால் இரண்டாவது முனை. ஈடிசி-க்குள் மோட்புரோப்.டி என்ற ஃபோல்டரில் ஒரு கான்ஃப் ஃபைல் உருவாக்கி ஒரே வரி எழுதுங்கள்: ஆப்ஷன்ஸ், இடைவெளி, ஆர்டிஎல்8723பிஇ, இடைவெளி, ஆன்ட்_செல்=2. எல்லாம் சின்ன எழுத்து. ரீபூட் செய்து அதே மேசையில் அளந்து சொல்லுங்கள். இதைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது.

நாகலூர்_மிளகு | ஜனவரி 9, இரவு 8.45

ஐயா, 2 போட்டேன், மைனஸ் 82. 1 போட்டேன், மைனஸ் 82. ஒரு புள்ளி கூட மாறவில்லை.

ஐந்துரோடு_அவசரம் | ஜனவரி 9, இரவு 8.50

யூஎஸ்பி குச்சி.

கம்பைல்_கந்தன் | ஜனவரி 9, இரவு 9.00

நான் சொன்னேனே, கிட்ஹப் டிரைவர்தான் ஒரே வழி.

கன்னங்குறிச்சி_தாத்தா | ஜனவரி 10, காலை 5.50

ஒரு புள்ளி கூட மாறவில்லை என்பதுதான் எனக்குச் சந்தேகம். முனை மாறினால் நன்றாகவாவது ஆக வேண்டும், மோசமாகவாவது ஆக வேண்டும். அசையவே இல்லை என்றால் நீங்கள் சொன்னது டிரைவரின் காதில் விழவில்லை.

சிஸ்-க்குள் மாட்யூல், அதற்குள் டிரைவர் பெயர், அதற்குள் பாராமீட்டர்ஸ் என்று போனால் ஆன்ட்_செல் என்று ஒரு ஃபைல் இருக்கும். கேட் என்ற கட்டளை போட்டு அதைத் திறந்து பாருங்கள். அதில் என்ன எண் இருக்கிறது?

நாகலூர்_மிளகு | ஜனவரி 10, காலை 7.15

0 என்று இருக்கிறது. அப்படியென்றால் ஃபைலையே படிக்கவில்லையா?

நாகலூர்_மிளகு | ஜனவரி 10, காலை 7.32

கண்டுபிடித்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. 'ஆப்ஷன்ஸ்' என்பதில் கடைசி எஸ் எழுத்தை விட்டுவிட்டேன். டிரைவரை ஏற்றும் மோட்புரோப் கட்டளையைக் கையால் போட்டுப் பார்த்தபோது 'இக்னோரிங் பேட் லைன்' என்று அதுவே சொல்கிறது. ரீபூட் செய்துகொண்டே இருந்ததால் அந்தச் செய்தி என் கண்ணில் படவே இல்லை. ஒரு எஸ்ஸுக்கு ஒரு ராத்திரி போனது.

எஸ் போட்டு, ஆன்ட்_செல்=2, ரீபூட். மைனஸ் 55!!! போனும் லேப்டாப்பும் சமம். பக்கத்துத் தோட்டத்து வைஃபை பெயரெல்லாம் பட்டியலில் வருகிறது, இத்தனை நாள் என் ரூட்டர் ஒன்றுதான் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை_ஸ்குரூ | ஜனவரி 10, காலை 10.40

லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு. கழற்றிப் பார்த்தால் கார்டில் இரண்டு தங்க நிறப் பொட்டு, ஒரே ஒரு கறுப்புக் கம்பி, இன்னொரு பொட்டு மொட்டையாக இருக்கும். கம்பியைப் பிடுங்கி அடுத்த பொட்டில் மாட்டினாலும் இதே பலன்தான், விண்டோஸ் லினக்ஸ் என்ற கணக்கே இல்லை.

ஆனால் பழக்கமில்லாதவர்கள் செய்யாதீர்கள். அந்த முனை கடுகு அளவு. எங்கள் தெருவில் கொலுசுக்கு மணி கோர்க்கிறவர்களுக்கு இருக்கிற கை வேண்டும். நேராக வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும், கொஞ்சம் சாய்த்து அழுத்தினால் நடுவில் இருக்கும் ஊசி மடங்கிப் போகும், கார்டே வீண். இந்த மாதிரி முனையை முப்பது தடவை மாட்டிக் கழற்றத்தான் தாங்கும் என்று தயாரிக்கிறவர்களே போடுகிறார்கள். ஒரு வரி எழுதி முடிகிற வேலைக்கு ஸ்குரூடிரைவர் எதற்கு. என் பிழைப்பு கெட்டாலும் உண்மையைச் சொல்கிறேன்.

வேறு கார்டு மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில லேப்டாப்பின் பயாஸ் (மெஷினைத் துவக்கும் மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் பூட்டே ஆகாது. வாங்குவதற்கு முன்னால் விசாரியுங்கள்.

நாகலூர்_மிளகு | ஜனவரி 10, இரவு 9.30

கொண்டாட்டம் பாதியில் நிற்கிறது. சிக்னல் மைனஸ் 55ஆகவே இருக்கிறது, ஆனாலும் காலையிலிருந்து ஐந்து தடவை அறுந்துவிட்டது. முன்பு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, இப்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதே ரீசன் 4. இன்னொன்று, வெப்சைட்டைத் திறந்தால் முதலில் ஒரு நொடி யோசிக்கிறது, அப்புறம் வேகமாக வருகிறது.

கன்னங்குறிச்சி_தாத்தா | ஜனவரி 11, காலை 6.20

எதிர்பார்த்தேன். ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள். பெரியவன் போனதும் சின்னவன் தெரிகிறான். முதல் நாளே எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் இருவரும் ஒருவராகவே தெரிந்திருப்பார்கள்.

ரீசன் 4 என்பது ரூட்டரின் குரல். 'இந்த லேப்டாப்பிடமிருந்து எனக்குச் சத்தமே வரவில்லை, போய்விட்டது போல' என்று ரூட்டர் முடிவு செய்திருக்கிறது. முன்பு நீங்கள் அனுப்பியது அதற்கு எட்டவில்லை, அது ஆன்டெனா கோளாறு. இப்போது எட்டும், ஆனால் கார்டு நடுநடுவே தூங்குகிறது. அந்த ஒரு நொடி யோசனையும் தூங்கி எழுகிற நேரம்தான்.

இப்போது ரூட்டருக்கே பிங் விடுங்கள் (சின்னத் தகவல் அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் கட்டளை), 192.168.1.1 என்றோ உங்களுக்கு என்னவோ அந்த முகவரிக்கு. வெளியே எங்கோ இருக்கும் சர்வருக்கு விட்டால் ஃபைபர் போனதா வைஃபை போனதா என்று பிரிக்க முடியாது. ஐந்து நிமிஷம் ஓடட்டும். அப்புறம் ஐடபிள்யூ கட்டளையிலேயே பவர்_சேவ் ஆஃப் கொடுத்துவிட்டு இன்னொரு ஐந்து நிமிஷம். இரண்டையும் எழுதுங்கள்.

நாகலூர்_மிளகு | ஜனவரி 11, காலை 11.05

பவர் சேவ் ஆனில்: 3 மில்லிசெகண்டு, 4, 210, 3, 890, 5, 340, இப்படித் தாறுமாறாக. ஆஃப் செய்த அடுத்த வரியிலிருந்து 2, 2, 3, 2, 2. கண்ணெதிரிலேயே மாறியது, தண்ணீர்க் குழாயில் காற்று போனது மாதிரி.

கன்னங்குறிச்சி_தாத்தா | ஜனவரி 11, மதியம் 12.15

அப்படி ஆஃப் செய்தது ரீபூட் வரைதான் நிற்கும். நிரந்தரமாக்க, ஈடிசி-க்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி ஃபோல்டரில் டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன் என்று ஒரு ஃபைல் இருக்கும். பவர்சேவ் = 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள். 3 என்றால் தூங்கு, 2 என்றால் தூங்காதே. நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதற்கு மேலும் அறுந்தால் மட்டும் நம் பழைய ஆப்ஷன்ஸ் வரியிலேயே எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0 ஐபிஎஸ்=0 என்று சேருங்கள். அது டிரைவருக்குள் இருக்கிற இன்னொரு தூக்கம். அறுந்துபோகாவிட்டால் வேண்டாம். பாட்டரி கொஞ்சம் கூடத் தின்னும், உங்கள் லேப்டாப் எப்படியும் பிளக்கில்தானே இருக்கிறது.

கம்பைல்_கந்தன் | ஜனவரி 11, மதியம் 1.00

பவர் சேவை அணைக்கச் சொன்னது முதலில் நான்தான். பதிவுக்காகச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி_இயற்பியல் | ஜனவரி 11, மதியம் 1.10

கூடவே ஐபிவி6, புளூடூத், டிஎன்எஸ், கெர்னல் எல்லாவற்றையும் சொன்னாய் தம்பி. பத்துக் கல் எறிந்து ஒரு மாங்காய்.

கிட்ஹப் டிரைவர் பற்றியும் ஒரு வார்த்தை. கெர்னலோடு வருகிற டிரைவரில் இல்லாதது வேண்டுமென்றால் மட்டும் அதைத் தொடலாம். வெளியிலிருந்து போட்டால், டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை மறுக்கும் செக்யூர் பூட் இருக்கிற மெஷினில் கையெழுத்துப் பிரச்சினை வரும், கெர்னல் அப்டேட் ஆகும்போது அந்த டிரைவரைப் புதுக் கெர்னலுக்கு மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் சரியாக இல்லையென்றால் ஒரு காலையில் வைஃபையே இருக்காது. சரிசெய்ய நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். பட்டிருக்கிறேன்.

சரி, பனி என்ன ஆனது? அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

நாகலூர்_மிளகு | ஜனவரி 13, காலை 8.10

இரண்டு ராத்திரி ரூட்டருக்குப் பிங் ஓடவிட்டேன். நேற்று எட்டு மணி நேரத்தில் 28,800க்கு 31 தொலைந்தது, ஒரு தடவை கூட அறவில்லை. எஃப்டபிள்யூஎல்பிஎஸ் எதையும் தொடவே இல்லை.

மேடம், பனி. நேற்று நாலரைக்கு இறங்கியது. பிங்கையும் சிக்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைனஸ் 55, 55, 54. வெளியே ரோடே தெரியவில்லை, சில்வர் ஓக் மரமெல்லாம் மறைந்துவிட்டது, சிக்னல் அப்படியே நிற்கிறது. அப்போது அத்தை வந்து கதவைச் சாத்தினார். மைனஸ் 66.

குடோன் கதவு மரம்தான், ஆனால் எலி வரக்கூடாது என்று மாமா முழுக்கத் தகரம் அடித்து வைத்திருக்கிறார். உள்ளே மிளகு மூட்டை. பனி வந்தால் நமத்துவிடும் என்று அத்தை நாலு மணிக்கு மேல் வந்து சாத்திவிட்டுப் போவார். நான் கணக்கில் தலையைக் குனிந்திருப்பேன், பதினைந்து நாளும் கவனித்ததே இல்லை.

அஸ்தம்பட்டி_இயற்பியல் | ஜனவரி 13, காலை 8.25

தகரம்! 11 டிபி, சக்தியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மைனஸ் 82இல் தொங்கிக்கொண்டிருந்தபோது அதிலும் 11 போனால் மைனஸ் 93, பிடித்து நிற்பதே கஷ்டம். உங்கள் கவனிப்பு சரி, குற்றவாளிதான் வேறு. அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட் இயருக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன், பெயர் சொல்ல மாட்டேன்.

ஆத்தூர்_அரசி | ஜனவரி 14, இரவு 7.50

இந்த இழையைப் படித்து என் லேப்டாப்பிலும் செய்தேன், அதே கார்டு. எனக்கு 2 போட்டால் மோசம், 1 போட்டால்தான் சரி. கண்ணை மூடிக்கொண்டு 2 போடாமல் இரண்டையும் அளந்து பாருங்கள். இன்னொரு சந்தேகம்: புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது வைஃபை பாதியாகிறது, இதுவும் கோளாறா?

கன்னங்குறிச்சி_தாத்தா | ஜனவரி 15, காலை 6.10

கோளாறில்லை அம்மா. இந்தக் கார்டில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ், உங்களுக்கு இருப்பது ஒரே கம்பி. மாறி மாறித்தான் பேச முடியும். இந்தக் கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது, அதனால் ஒதுங்கவும் வழியில்லை. பாட்டுக்கு ஒயர் ஹெட்போன் போடுங்கள். பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும்.

நாகலூர்_மிளகு | ஜனவரி 19, மாலை 6.15

ரிட்டர்ன் போட்டாயிற்று, ஒரு நாள் முன்னதாகவே. சித்தப்பா மகன் தன் விண்டோஸ் லேப்டாப்போடு வந்திருந்தான், அது அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா ஐயாவுக்கு ஒரு கிலோ காபிப் பொடி வைத்திருக்கிறேன், மலைக்கு மேலே வந்தால் சொல்லுங்கள்.

ஐந்துரோடு_அவசரம் | ஜனவரி 19, மாலை 6.30

எனக்குக் கிடையாதா? சரி, அந்தத் தகரக் கதவை என்ன செய்தீர்கள்? கல் வைத்துத் திறந்தே வைத்துவிட வேண்டியதுதானே.

நாகலூர்_மிளகு | ஜனவரி 19, மாலை 6.41

வைத்தேன். மிளகு நமத்தால் நீ வாங்கிக்கொள்வாயா என்று அத்தை கேட்டார். இப்போது சாத்தித்தான் இருக்கிறது, மைனஸ் 66, இதை அதிலிருந்துதான் எழுதுகிறேன்.